வசுமதிக்கு வந்த கடிதம்

9-8-2004, திங்கள்
இன்று வசுமதி அழவில்லை. மாமியார் எல்லார் முன்னாலும் தட்டைத் தள்ளிவிட்டாள். வசுமதி குனிந்து சோற்றை அள்ளி எடுத்துவிட்டு, "வேற போடட்டுமா அத்தை?" என்று கேட்டாள். பாப்பம்மாள் அம்மா டிவியைப் பார்த்து, "மானங்கெட்டவ" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். பயந்தவள் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

இதைச் சொன்னதும் சசிரேகா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா இல்ல?" என்றாள். பாப்பம்மாள் அம்மா இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், அக்கா அவர் மருமகள். பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் எங்கள் மூவரில் எட்டு மணிக்குத் தொடர் பார்க்க இவர்கள் கூடத்தில் போய் உட்காருகிறவள் நான் மட்டும்தான்.

12-8-2004
கம்பெனியில் வசுமதியை நினைத்துக்கொண்டே வேலை பார்த்ததில் இரண்டு வயர் மாற்றிக் கட்டிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினார்.

16-8-2004, திங்கள்
இன்று முதல் இரண்டு வாரம் செகண்ட் ஷிப்ட். பத்து மணிக்குத்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வேன் கிளம்பும். இரண்டு வாரம் வசுமதி இல்லாமல் எப்படி இருப்பேன்? சசிரேகா அக்காவிடம் புலம்பினேன். "நான் எதுக்கு கீறேன்? காலைல துணி தொவைக்கறப்ப சொல்றேன்" என்றாள்.

18-8-2004
அக்கா நன்றாகக் கதை சொல்கிறாள். டிவியில் பார்ப்பதைவிட நன்றாக இருக்கிறது. வசுமதி என்ன நினைத்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள். அதை டிவியில் எப்படிக் காட்டினார்களோ.

23-8-2004, திங்கள்
பெரிய திருப்பம். வசுமதிக்கு வேலைக்கு இன்டர்வியூ கடிதம் வந்திருக்கிறது. புருஷன் அதை அவளிடம் சொல்லவே இல்லை.

"பீரோல, வேட்டி மடிப்புல வெச்சிட்டான். துணி அடுக்கப் போனப்ப அவ பாத்துட்டா. பாத்துட்டு அப்படியே மடிச்சி வெச்சிட்டா" என்றாள் அக்கா.

"எப்ப இன்டர்வியூ?"

"வெள்ளிக்கெழம."

துணியை அலசாமல் கையில் பிடித்துக்கொண்டே, "போவாளா தங்கம்?" என்று என்னைக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

25-8-2004
இரண்டு நாளாக யோசித்தேன். லைனில் நிற்கும்போதும் அதே யோசனை. இன்று காலை சொல்லிவிட்டேன்.

"அவ போகமாட்டாக்கா. இத்தனை நாள்ல ஒரு காரியமாவது ஒளிச்சுச் செஞ்சிருக்காளா? கடிதத்த அவனே கொண்டாந்து குடுக்கணும்னு காத்திருப்பா. அதுதான் வசுமதி. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா அவளுக்கும் மத்தவளுக்கும் என்ன வித்தியாசம்?"

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா அவன்தான் சின்னவனாப் போவான். இவ இல்ல."

அக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

27-8-2004, வெள்ளி
அக்கா இன்று கதை சொல்லவில்லை. தலைவலியாம்.

30-8-2004, திங்கள்
மறுபடி ஃபர்ஸ்ட் ஷிப்ட். எட்டு மணிக்கு ஆவலாகப் போய் உட்கார்ந்தேன். சுபாஷ் அண்ணனும் இருந்தார், அக்காவின் கணவர். கார் கம்பெனியில் செக்யூரிட்டி, இன்று அவருக்கு விடுமுறை. தொடரில் வசுமதி ஏதோ கல்யாண வேலையில் இருந்தாள். விளம்பரம் வந்ததும் கேட்டேன், "கடிதம் வந்துச்சே, வசுமதி இன்டர்வியூக்குப் போனாளா?"

"இன்னா லெட்டரு? அவளுக்கு எவன் லெட்டர் போட்டான்?" என்றார் பாப்பம்மாள் அம்மா. "தெனம் நான்தான் பாத்துகினு கீறேன்."

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். "புருசன் பீரோவுல ஒளிச்சு வச்சிருந்தான்லா, வேட்டிக்குள்ள" என்றேன்.

சுபாஷ் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா, "ஒல கொதிக்குது" என்று எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. சமையல் முடிந்து பாத்திரமெல்லாம் கூடத்தில்தான் இருந்தது.

31-8-2004
விடியற்காலையில் வேனுக்குக் கிளம்பும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல் கேட்டது. "பீரோல இன்னா நோண்டினே நீ?"

நான் ஏன் வாயத் தொறந்தேன்? எனக்கு ஏன் உறைக்கல? வசுமதி என்ன நெனச்சான்னு அக்காவுக்கு எப்படித் தெரியும்னு ஒரு நாள்கூட நான் கேட்கலையே — கேட்கலையே.

2-9-2004, வியாழன்
ஷிப்ட் முடிந்து வந்தபோது குழாயடியில் அக்கா தனியாக இருந்தாள். கண் வீங்கியிருந்தது. அது உங்களுக்கு வந்த கடிதமா என்று கேட்டேன்.

"எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்லருந்து வந்த கார்டு. ஏழு வருசமா பதிஞ்சி வெச்சினு கெடந்தேன். காஞ்சிபுரத்துல இன்டர்வியூ. ஸ்கூல்ல ஆபீஸ் வேல."

"ஏன்க்கா என்கிட்ட நேராச் சொல்லல?"

"நேரா சொன்னா நீ இன்னா சொல்லுவே? ஐயோ பாவம், போங்கக்கான்னுவே. வசுமதிக்குன்னாத்தான் நீ நாயமா யோசிச்சி சொல்லுவே."

நான் அழுதேன். "இங்க நின்னு அழுவாதே, அத்த பாக்கும்" என்றாள். குழாயை மூடிவிட்டு, "நெஜமாவே போவணும்னு இருந்தா, நீ இன்னா சொன்னாலும் நான் போயிருப்பேன்" என்றாள். எனக்காகச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

5-9-2004, ஞாயிறு
ஊரில் அப்பாவிடம் டைப்ரைட்டிங் வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டுத்தான் சங்கரன்கோவிலில் இந்தக் கம்பெனி நடத்திய தேர்வுக்குப் போனேன். வேலை கிடைத்த பிறகுதான் சொன்னேன். அப்பா நான்கு மாதம் பேசவில்லை. ஆனாலும் வந்துவிட்டேன். வந்தது தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அந்த நான்தான், வசுமதி ஒளித்துப் போகக்கூடாது என்று சொன்னேன். ஏன்? அவள் என்னைப் போல இருந்தால் எனக்குப் பிடிக்காமல் போயிருக்கும். நான் செய்யாததை அவள் செய்து, நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவ்வளவுதான். அதை நியாயம் என்று நினைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் பஸ் ஏறவேண்டியவள் வீட்டில் தலைவலி என்று படுத்துக்கிடந்தாள்.

12-9-2004
சுபாஷ் அண்ணனிடம் பேசினேன். அக்காமேல் தப்பில்லை, நான்தான் கதை கதை என்று அவளைத் தொந்தரவு செய்தேன் என்றேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "வாடகைக்கு இருக்க வந்த பொண்ணு, டிவி பாத்தியா, போனியான்னு இருக்கணும். மாசக் கடைசில வேற ரூம் பாத்துக்கோ." அந்த வேலைக்கு இனி போக முடியாதா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் ஆள் எடுத்துட்டாங்க" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் துடைப்பதை நிறுத்தினார்.

30-9-2004
காலி செய்துவிட்டோம். என்னால் மற்ற இருவருக்கும் அலைச்சல். பாப்பம்மாள் அம்மா வாசலில் நின்றார். அக்கா வெளியே வரவில்லை.

21-1-2005
கம்பெனியில் ஒரே பேச்சு. தொடர் நேற்று முடிந்துவிட்டதாம். வசுமதியின் கதி என்ன என்று என்னிடம் சொல்ல வந்தார்கள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

14-3-2005, திங்கள்
செகண்ட் ஷிப்ட். மத்தியானம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் சசிரேகா அக்காவைப் பார்த்தேன். கையில் மருந்துப் பை. மாமியாருக்கு சர்க்கரையாம். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். "இன்னா ஷிப்ட்?" என்று கேட்டாள்.

அதன் பிறகு இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. எட்டு மாதம் அந்த வீட்டில் இருந்தபோது நாங்கள் பேசியதெல்லாம் வசுமதியைப் பற்றித்தான். அக்காவின் ஊர் எது என்றுகூட எனக்குத் தெரியாது.

கேட்டேன். வாலாஜாபாத் பக்கம் என்றாள். அவள் அப்பா பெயர் தாண்டவராயன், நெசவு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்தாளாம். வயது இருபத்தெட்டு முடிந்துவிட்டது. பதிவைப் புதுப்பிக்கவில்லை. "பதிஞ்ச கார்டு எங்க கீதுன்னே தெர்ல" என்றாள். ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் இன்னும் பேசினாள். நான் போகவேண்டிய பஸ் வந்து நின்று போயிற்று. அடுத்ததும் போயிற்று.

லைனுக்கு நாற்பது நிமிடம் லேட். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். பஸ் வரவில்லை என்றேன்.