சங்கத்தில் விட்டுப்போன பாதி

நாமகிரிப்பேட்டை,
வெகுதானிய வருஷம், ஆடி மாதம்.

அன்பு மிகுந்த அண்ணா சண்முகவேல் அவர்களுக்கு, தங்கை நல்லம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. அண்ணியும் குழந்தைகளும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க நாமகிரித் தாயாரை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

மழை இன்னும் சரியாக இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. செவலைக் கன்று நன்றாக இருக்கிறது. நீங்கள் கேட்ட அவரை விதையை ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணா, போன புரட்டாசியில் சேலம் ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடையை மூடினார்கள் அல்லவா? எங்கள் ஊர்க் கடைக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, அதையே பொழுதுபோக்குச் சங்கம் ஆக்கினார்கள். சாயங்காலமானால் தேத்தண்ணீர், ஆடுபுலி ஆட்டம், சாவி கொடுத்தால் பாடுகிற பெட்டி. சனிக்கிழமை பஜனை. மழை பெய்தால் மட்டும் சுவரிலிருந்து பழைய வாடை வருமாம். உங்கள் மைத்துனர் முதல் நாளே அதில் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு குடியும் இல்லை, அடிக்க அவர் கை என் மேல் பட்டதும் இல்லை. யார் என்ன சொன்னாலும் சரி, அந்தக் கடையை மூடினவர்கள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் அவருடைய கூட்டாளி காளியப்பன் மட்டும் சங்கத்துக்கு வரவில்லை. உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் வந்திருந்தபோது ஒரு குலை நுங்கு இறக்கிச் சீவிக் கொடுத்தாரே, அவர்தான். காலையில் மரமேறிக் கள் இறக்குவார், சாயங்காலம் கடையில் ஊற்றுவார். பிழைப்பு போன இடத்தில் வந்து அவர் எப்படி உட்காருவார்? உங்கள் மைத்துனர் விடவில்லை. “வாடா காளி, நீ இல்லாம ஆட்டமே சேர மாட்டீங்குது” என்று வாரக்கணக்காக வருந்தி வருந்தி அழைத்தார். அதுவும் உண்மைதான். கடையில் இருந்தவரைக்கும் கட்டிப் புரண்டு சண்டை போடுவார்கள், ஒருவன் மாடு செத்தால் எல்லோரும் போய் நிற்பார்கள். சங்கத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம். பஜனை முடிந்ததும் ஒருவர் எழுந்து, தான் முன்னே எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று சபையில் சொல்ல வேண்டும். ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சேலத்திலிருந்து ஒரு பெரிய மனுஷர் வந்திருந்தார். அன்றைக்கு உங்கள் மைத்துனர் முறை. பெண்களும் வரலாம் என்றார்கள், நானும் போனேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் உச்சுக் கொட்டவும் மனுஷனுக்கு வேகம் வந்துவிட்டது. “என்னைய இந்தக் கதிக்கு ஆளாக்குனவன் காளியப்பனுங்க. அவன் ஊத்துனான், நான் கெட்டேன்” என்று போட்டார் ஒரு போடு. கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது. பெரிய மனுஷர் கதர்த் துண்டு போர்த்தினார். நான் திரும்பிப் பார்க்கிறேன், வாசற்படியில் காளியப்பன் நிற்கிறார். இத்தனை நாள் கூப்பிட்டதற்கு அன்றைக்குத்தான், சலவை வேட்டி கட்டிக்கொண்டு, முதல் முதலாக வந்திருக்கிறார். அப்படியே இறங்கிப் போனார். ஐயோ அண்ணா, அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுநாளிலிருந்து “குடி கெடுத்த காளி” என்று பெயராகிவிட்டது. களை வெட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்த தோட்டத்துக்காரர்களும் கூப்பிடவில்லை. சந்தையில் அவர் பெண்சாதி பொன்னாயிக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் ஆள் சேர்க்க வந்தவனோடு மலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். நீங்கள் மேஸ்திரியாக இருக்கிற அதே தோட்டம்தானாம்.

புறப்படுகிற அன்று பொன்னாயி என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். “உங்க ஊட்டுக்காரரு பொய் சொல்லலீங்கக்கா. பாதியத்தான் சொன்னாரு” என்றாள். அவ்வளவுதான். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

உங்கள் மைத்துனர் உள்ளேதான் இருந்தார், கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சனிக்கிழமை சங்கத்தில் கூப்பிடாமலே எழுந்து மீதிப் பாதியைச் சொல்லப் போனாராம். “நல்ல நாளும் அதுவுமா அந்தக் கதையெல்லாம் இங்க எதுக்கப்பா, உக்காரு” என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டார்களாம். அந்தக் கதர்த் துண்டைப் பாயில் போட்டுவிட்டு வந்தவர், திரும்பிப் போகவில்லை. சங்கத்து ஆட்கள் ஒருவரும் ஏனென்று வந்து கேட்கவும் இல்லை. இப்போது பொழுது சாய்ந்தால் காளியப்பன் ஏறின பனைமரத்தடியில் போய் உட்காருகிறார். கொல்லிமலை அடிவாரத்தில் திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று ஊரே பேசுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. அவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் காலடி நேராக விழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன், தட்டாதீர்கள். காளியப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். நாலு பேர் முன்னால் விழுந்த சொல்லை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். இங்கிருந்து அவரோடு வந்த குடும்பங்கள் உண்டு, அந்தப் பெயரும் கூடவே மலையேறியிருக்கும். சம்பளத்தன்று லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்கள் எல்லோரும் கூடும்போது, இதற்குக் கீழே இருப்பதைச் சத்தமாகப் படியுங்கள். உங்கள் மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது.

“காளி, நான் பச்சமுத்து சொல்றேன். ஊத்துனது நீதான். போதுமுடான்னு கையில இருந்து பிடுங்குனதும் நீதான். நான் உழுந்து கெடந்தப்பல்லாம் தோள்ல போட்டுக் கொண்டாந்து ஊடு சேத்ததும் நீதான். நல்லம்மா மேல நான் ஓங்குன கட்டைக்குக் குறுக்க வந்து உன் முதுகக் குடுத்தே. அந்தத் தழும்பு இன்னும் இருக்கும், சட்டையக் கழட்டிக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும். இதையெல்லாம் சபையில முழுங்கிட்டேன். என் குடிய நான் கெடுத்தேன். நீ கெடுக்கல.”

படித்து முடித்ததும் காளியப்பன் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். திட்டினாலும் திட்டினதையே எழுதுங்கள். தபால்காரர் தெருவில் திரும்பும்போதே இவர் எழுந்து நின்றுவிடுகிறார். அந்தப் பதில் வந்து சேருகிறவரைக்கும் இவரை மலையடிவாரத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது என் பாடு. சீக்கிரம் எழுதுங்கள் சாமி, எத்தனை நாளைக்கு என்னால் முடியும் என்று தெரியவில்லை.

பொன்னாயியின் பிள்ளைக்குக் குளிருக்கு ஒரு கம்பளி பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும் தங்கை,
நல்லம்மாள்.