டி டிரைவில் இருந்த குரல்

உங்கள் வீட்டுக் கணினியின் விசைப்பலகையை இன்று காலை கவிழ்த்துத் தட்டினேன், துடைப்பதற்காக. பிஸ்கட் துகள்களோடு ஒரு கிராம்பும் விழுந்தது. மொட்டு உதிர்ந்து காம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். வாசனை இருந்தது. அல்லது இருக்கும் என்று எதிர்பார்த்ததால் இருந்ததுபோல் தோன்றியதோ என்னவோ, இந்த மாதிரி விஷயங்களில் என் மூக்கை நான் முழுதாக நம்புவதில்லை.

பாடிப் பதிவு செய்ய உட்காருவதற்கு முன்னால் நீங்கள் ஒரு கிராம்பை நாக்கடியில் ஒதுக்கிக்கொள்வீர்கள். தொண்டைக்கு நல்லது என்பீர்கள். எனக்கும் ஒன்று நீட்டுவீர்கள். "நான் பாடப்போறதில்லையே சார்" என்பேன். "பயத்துக்கும் நல்லது, இன்ஸ்பெக்டர்" என்பீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகங்களை அளந்து பார்த்துத் தேர்ச்சி முத்திரை குத்தும் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தப் பெயர் வைத்தீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. நானும் கடைசிவரை உங்களை 'சார்' என்பதை விடவில்லை. "பருத்திப்பட்டு ஏரியச் சுத்தி இத்தினி வருஷமா ஒண்ணா நடக்குறோம், சார் இன்னா சாரு?" என்று கோபித்துக்கொள்வீர்கள். மாற்றிக்கொள்ள வரவில்லை.

விசைப்பலகையைத் துடைக்கும் அளவுக்கு உங்கள் கணினி என் பொறுப்பில் வந்த கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மழை தொடங்கிய சமயத்தில் உங்கள் வீட்டம்மா கூப்பிட்டார். திரையில் தினமும் ஒரு அறிவிப்பு வருகிறதாம்: இந்தப் பழைய இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, புதிய பதிப்புக்கு மாறுங்கள். மூடினால் மறுபடி வருகிறது.

"நேத்து பிராக்டீஸ் நடுவுல வந்து குறுக்க நின்னுடுச்சுண்ணா. அவர் பாடிகினு இருக்கும்போதே டொய்ங்குன்னு ஒரு சத்தம். எல்லாரும் சிரிச்சிட்டாங்க" என்றார் கிருபையம்மா.

கிறிஸ்துமஸ் கீதங்களுக்கான பயிற்சி நீங்கள் போன பிறகும் உங்கள் முன்னறையில்தான் நடக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு குரல்களையும் நீங்களே தனித்தனியாகப் பாடிப் பதிந்து வைத்திருக்கிறீர்களே, அதைப் போட்டுக் கேட்டுத்தான் பாடகர் குழுவில் அவரவர் தம் பங்கைக் கற்றுக்கொள்கிறார்கள். அண்ணனூர் பணிமனையில் ரயில் பெட்டிகளோடு மல்லுக்கட்டிய அந்த உடம்பு, பெண்களின் உச்சக் குரலான சொப்ரானோவுக்காகக் கீச்சுக் குரலில் பாடுவதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரித்து முடித்துவிட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பதிவுகளுக்கு வேறெங்கும் பிரதி இல்லை என்று கிருபையம்மா சொன்னபோது, இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். கடையில் கொடுக்கலாமே என்றேன்.

"கடைக்காரன் ஒரு தடவ செஞ்சது போதாதாண்ணா?" என்றார்.

அந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. கணினி நின்றுபோனதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உள்ளே வட்டு ஒன்றுதான், அதை சி, டி என்று இரண்டு அறைகளாகத் தடுத்திருப்பார்கள் என்பதே அன்றைக்குத்தான் நம் இருவருக்கும் தெரிந்தது. சி அறையில் இயங்குதளம் குடியிருக்கும். டி அறை நம் சாமான்களுக்கு. கடைக்காரர் சி அறையைத் துடைத்து மெழுகிப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டார்.

"பாட்டெல்லாம் எங்கப்பா?" என்றீர்கள்.

"டி-ய நான் தொடவே இல்ல சார். அப்டியே கீது."

"டி-ல எவன் வெச்சான்? டெஸ்க்டாப் மேல வெச்சிருந்தேன். கண்ணு முன்னாடியே இருந்துச்சேப்பா!"

"டெஸ்க்டாப்பும் சி-தான் சார்."

ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியதும், "மொத்தத்தையும் மறுபடி பாடிர்றேன். நீ வந்து தாளம் தட்டு" என்றீர்கள். அன்றிலிருந்துதான் 'சி-ல வெக்காத, டி-ல வை' என்பது உங்கள் தெருவுக்கே உபதேசமாயிற்று. புதுக் கணினி வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

ஆகவே வேலையை நான்தான் எடுத்துக்கொண்டேன். முதல் முயற்சியில் புதிய பதிப்பு முக்கால் பங்குவரை ஏறியது. பிறகு திரை கறுத்து, 'மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன' என்று ஒரு வரி வந்து, எதுவுமே நடக்காததுபோல் பழைய திரையே வந்து நின்றது. காரணம் எதுவும் சொல்லவில்லை. பாதியில் ஏன் இறங்கினாய் என்று கேட்டால் பதில் சொல்லாத பயணி போல.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பிறகு சோதித்துப் பார். சி அறையில் இடம் போதவில்லையோ என்று குப்பைகளை நீக்கினேன். மறுபடி முக்காலில் நின்று திரும்பியது. பிரிண்டரையும் மைக்கையும் கழற்றினேன், திரும்பியது. வைரஸ் தடுப்பு மென்பொருளை எடுத்துவிட்டுப் பார்த்தேன், திரும்பியது. ஒவ்வொரு முறைக்கும் அரை நாள் போயிற்று. கிருபையம்மா காபி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். அவர் கேட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது. எனக்கு இதெல்லாம் தெரியும் என்று அவர் நம்பியதுதான் சங்கடம். இணையத்தில் படித்ததைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். படித்ததில் பாதி புரிந்தது, புரிந்ததும் சரியா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு தோல்வியின்போதும் இயங்குதளம் தனக்குள் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறதாம். அதைத் தேடி எடுத்தேன். பக்கம் பக்கமாக நீளும் ஆங்கிலம். நீங்களாக இருந்தால் பார்த்ததுமே மூடியிருப்பீர்கள். நான் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் பயம் தெளிய வேறு வழி இல்லை. கடைசிப் பகுதியில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தது. உங்கள் பெயர், அதன்கீழ் உங்கள் கோப்புகள், அவை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. பாட்டுகளையெல்லாம் மறுபடி பாடி முடித்த பிறகு ஒரு பிற்பகல், அவற்றை டி-யில் வைத்தது போதாதென்று, சி-க்குள் உங்கள் பெயருக்கென்று இருந்த உள்ளறையையே, அந்த ஃபோல்டரையே, முழுதாகப் பெயர்த்து டி-க்குக் கொண்டுபோனீர்கள். பழைய இடத்தில், 'இங்கே இல்லை, அங்கே போ' என்று ஒரு வழிகாட்டிப் பலகை மட்டும் நட்டீர்கள். இந்தியில் யாரோ பேசிய காணொளி ஒன்றைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, விரல் போகும் இடத்தை மட்டும் பார்த்துச் செய்தீர்கள்.

"இத நகர்த்தக் கூடாதுன்னு போட்டிருக்கே சார்."

"எவன் போட்டான்? என் வூடு, என் பாட்டு. நான் எங்க வேணா வெப்பேன்."

"பின்னால ஏதாவது ஆச்சுன்னா?"

"பின்னால ஆனா நீ பாத்துக்க. இப்ப அந்த 'யெஸ்'ஸ அமுக்கு. இன்னா இன்ஸ்பெக்டர், மூஞ்சி தொங்கிப்போச்சு?"

நான் அமுக்கவில்லை. நீங்களே அமுக்கினீர்கள். வருடக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வழிகாட்டிப் பலகையைப் பார்த்துப் பழைய இயங்குதளம் சரியாக டி-க்குப் போய் வந்துகொண்டிருந்தது. புதியதற்கு அந்தப் பழக்கம் இல்லை. உங்களைப் பழைய முகவரியில் தேடிவிட்டு, ஆள் இல்லாமல் குடிபுக முடியாது என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இறந்துபோன நீங்கள் வழி மறிக்கிறீர்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. கோப்புகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

தீர்வு எளிதாகத் தெரிந்தது. பாட்டுகள் டி-யிலேயே தனியாக இருக்கட்டும். அந்த மட்டில் உங்கள் உபதேசம் சரிதான். உங்கள் பெயருக்கான அறை மட்டும் சி-க்குத் திரும்ப வேண்டும். ஆனால் எதையும் நகர்த்துவதற்கு முன் எல்லாவற்றுக்கும் வெளி வட்டு ஒன்றில் பிரதி எடுக்க வேண்டும். எடுத்தேன். எடுத்தது சரியா என்று எப்படித் தெரியும்? எண்ணிக்கை ஒத்துப்போவது மட்டும் எனக்குப் போதாது. பெட்டி நிறைய இருப்பது வேறு, உள்ளே இருப்பது பழுதில்லாமல் இருப்பது வேறு. கேட்டுப் பார்த்தால்தான் உறுதி.

உங்களை அடக்கம் செய்த நாளிலிருந்து நான் உங்கள் குரலைக் கேட்டதில்லை. பயிற்சி நடக்கும் சனிக்கிழமைகளில் ஏரிப் பக்கம் நடக்கப் போய்விடுவேன். காரணம் கேட்டால் மூட்டு வலிக்கு நடை நல்லது என்று சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் செய்ததுபோலவே செய்தேன். தொடக்கம், நடு, முடிவு, பழுதில்லை, அடுத்தது. அப்படிச் செய்தால் அது வேலையாகிவிடுகிறது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று இருந்தது. எல்லாப் பதிவுகளிலும் நீங்கள் பாடத் தொடங்கும் முன்னால் மேசையில் பென்சில் தட்டும் ஒலி கேட்டது. நான்கு தட்டு, பிறகு பாட்டின் அடியிலும் மெல்லியதாக. அது நான்தான். தாளக் கருவியின் சத்தம் மண்டையில் குத்துகிறது என்று என்னைத் தட்டச் சொல்வீர்கள். "நாலு குடு. நாலு முடிஞ்சா நான் பாட்டுக்குள்ள வந்துருவேன். அதுக்கப்புறம் பயம் வந்தாலும் நிறுத்தாத." எனக்குப் பாடத் தெரியாது, உங்கள் சபையைச் சேர்ந்தவனும் இல்லை, தாளம் பிசகுமோ என்று கை வியர்க்கும். ஆனாலும் தட்டினேன். மைக் அதையும் எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இந்தச் சத்தத்த எடுத்திரலாமாம்மா? அதுக்கும் வழி இருக்காம்" என்று கிருபையம்மாவிடம் கேட்டேன்.

"ஐயோ, வேணாம்ணா! அந்த டக்கு டக்கு இல்லன்னா யாருக்கும் உள்ள வரவே தெரியாது. சொப்ரானோல நம்ம மெர்சி இல்ல? 'இன்ஸ்பெக்டர் கதவத் தட்றாரு, எல்லாம் எழுந்திரிங்க'ன்னுவா."

மறுநாள் காலையில் உங்கள் பெயருக்கான அறையை சி-க்கு மாற்றினேன். யுபிஎஸ்ஸில் புது பேட்டரி போட்டாயிற்று. வெளியே மழை. 'நிறுவு' என்ற பொத்தானின் மேல் அம்பை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னென்ன தவறலாம் என்று மனம் வரிசை பிடித்தது. அது தெரிந்ததோ என்னவோ, கிருபையம்மா சமையலறைக்குப் போய்விட்டார். என் விரல் மேசையில் நான்கு முறை தட்டியது. அமுக்கினேன்.

முக்கால் பங்கு வந்தபோது மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றது, யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. சமையலறையிலும் சத்தம் நின்றது. திரையில் மட்டும் எண் ஏறிக்கொண்டிருந்தது. மின்சாரம் திரும்பி வந்தபோது முக்காலைத் தாண்டியிருந்தது. பிறகு திரை கறுத்தது. இதற்கு முன்பும் இதே இடத்தில்தான் கறுத்தது. நான் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றேன்.

"அண்ணா, அவர் பேரு வந்துருச்சு" என்றார் கிருபையம்மா.

திரையில் உங்கள் பெயர் இருந்தது. பக்கத்தில் பழைய படம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நிற்பது. கிருபையம்மா கடவுச்சொல்லைப் போட்டு ஒரு பாட்டைத் திறந்தார். தட்டு கேட்டது. பிறகு அந்தக் கீச்சுக் குரல். அவர் சிரித்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். நான் அடுத்த பாட்டையும் சோதிக்கச் சொன்னேன்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஆண்டு பாடகர் குழு புதிய கீதம் ஒன்றையும் எடுத்திருக்கிறது. நீங்கள் பதியாதது. நேற்று சனிக்கிழமை, நான் ஏரிக்குக் கிளம்பும் நேரத்தில் மெர்சி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாங்க அங்கிள், எங்க எஸ்கேப்பு? புதுப் பாட்டுக்கு அவர் இல்ல. நீங்களாச்சும் வந்து தட்டுங்க."

"எனக்குப் பாட்டு தெரியாதேம்மா."

"யார் பாடச் சொன்னாங்க? கதவத்தான தட்டப் போறீங்க."

போனேன். உங்கள் மேசையருகே, நான் எப்போதும் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். சட்டைப் பையில் பென்சில் இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். அறையில் பேச்சு அடங்கியது. நான்கு தட்டினேன். அந்த நான்காவது தட்டுக்குப் பின்னால் உங்கள் மூச்சு கேட்கும், பிறகு குரல் வரும். என் காது அதற்காகக் காத்திருந்தது. அங்கே ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு மெர்சி உள்ளே வந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.

கை வியர்த்தது. நான் நிறுத்தவில்லை.