கறுப்பு மண்ணில் ஒரு செம்மண் எலும்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். உன் இருமல் விட்டதா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

ஓய்வு பெற்றதிலிருந்து அப்பாவுக்குக் கல் பைத்தியம் பிடித்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்காகப் பின்பக்கம் தோண்டிய பள்ளத்தில் எது உருண்டையாகக் கிடைத்தாலும் டைனோசர் முட்டைதான் அவருக்கு. அருங்காட்சியகத்தில் கல் பார்த்துச் சொல்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார். இப்போது அந்த மனிதரே வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறார். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "வெறும் கல்லுதான் சார்" என்பார். இதைச் சொல்ல ஒருவர் இரண்டு பஸ் மாறி வருவாரா? நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. நம் இடத்தின் மேல் கண்ணோ என்று நினைத்தேன்.

போன வாரம் அவர் வந்துபோன மறுநாளே பள்ளத்தில் ஒரு துண்டு கிடைத்தது. நிஜமாகவே கல்லாகிப்போன எலும்பு. நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது, அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். (முகத்தைச் சுளிக்காதே, நானும் வைத்துப் பார்த்தேன்.) அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரரை வரச் சொல்லிவிட்டார்.

ஆனால் துண்டின் இடுக்கில் இருந்தது செம்மண். நம் பள்ளத்தில் கறுப்பு மண்ணைத் தவிர வேறு கிடையாது. நாளைக்கு யாராவது இதைக் கேட்டால் அப்பா வெளியே தலைகாட்ட முடியுமா?

அந்த மனிதரைத் தனியாகப் பிடித்து, என்ன பித்தலாட்டம் இது, போலீசுக்குப் போகட்டுமா என்று கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார். துண்டு அவருடைய சொந்தச் சேமிப்பாம். "ஒவ்வொரு தடவையும் இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி, சார் மொகத்தப் பாக்கவே கஷ்டமா இருந்துதுங்க. ஒரு தடவையாவது ஆமான்னு சொல்லலாம்னு வச்சேன்" என்றார். அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். பத்திரிகைக்காரரை நிறுத்தியாயிற்று. அப்பா ஒருநாள் முழுக்கப் பள்ளத்தின் பக்கமே போகவில்லை. இன்று மறுபடி பள்ளத்தில் இறங்கிவிட்டார்.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. திருட வருகிறவன் எடுத்துக்கொண்டு போவான், கொண்டுவந்து வைக்கிறவனை என்னவென்பது? வாராவாரம் வந்தது அப்பாவுக்காக மட்டும்தானா என்று விடாமல் கேட்டேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, அப்பாவிடம் கேட்கத் தனக்கு இனி முகமில்லை, அதை உன்னிடம் பேசுவதுதான் முறை என்றார்.

உனக்கு எழுதுவார். குடும்பம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேள். ஒரு பொய் தெரிந்தாலும் விடாதே. ஆனால் தம்பி, கடுமையாக மட்டும் எழுதிவிடாதே. உன் முகவரியைக் கொடுத்தது நான்தான்.

உன் நலமே வேண்டும்,
அக்கா