சொல்லாத ஆமென்

ஞாயிறு இரவு, ஆண்டாப் ஹில்

இன்று ஆராதனை முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்த ஒரு கல்லூரி வாத்தியார் திரை போட்டுப் பேசினார். செல்லுக்குள் கர்த்தரின் கைவேலை என்று தலைப்பு. ரத்தம் உறைவதைப் படமாகக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பினால்தான் ரத்தம் நிற்குமாம். ஒன்று குறைந்தாலும் எல்லாம் வீணாம். அதனால் இது தானாக வந்திருக்காது, ஒருவர் யோசித்து மொத்தமாகச் செய்ததுதான் என்றார். "எல்லாரும் ஆமென் சொல்லுங்க" என்றார்.

சபையே சொன்னது. எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் என் மகன் ஜெபின். அந்தப் புரதங்களில் ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே இல்லை. என் வழியாக வந்த குறை என்றார் டாக்டர். ஊசியில்தான் அவன் காலம் ஓடுகிறது. அவன் சத்தமாகவே ஆமென் சொன்னான்.

பஸ்ஸில் கேட்டேன். "எப்படிலே உனக்குச் சொல்ல வந்துச்சு?"

"பாவம்மா அவரு, அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு" என்றான். கொஞ்சம் கழித்து, "ஒண்ணு கொறஞ்சும் நான் இருக்கேன்லா" என்று சிரித்தான்.

யோசித்துத்தான் செய்தார் என்றால், இவனுக்கு அதை வைக்காமல் விட்டதும் யோசித்துத்தானா? தானாக வந்தது என்றால், நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

படுக்குமுன் முழங்கால் போட்டேன். வழக்கம்போல அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.