விரல் அளக்க வந்தவள்

11.6.2024, செவ்வாய்
வெண்ணந்தூர் பக்கத்துத் துணை சுகாதார நிலையம். கர்ப்பிணிகள் வரும் நாள். ஒவ்வொருத்தி கையையும் மேசைமேல் விரித்து, ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் காலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளந்தேன். குழந்தை பிறந்த பிறகு அதன் விரல்களையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒருவர் தாய் வயிற்றில் இருந்தபோது எவ்வளவு ஆண் ஹார்மோன் பட்டது என்பதற்கு இந்த இரண்டு விரல்களின் விகிதம் ஓர் அடையாளமாம். ஆண்களுக்கு மோதிர விரல் கொஞ்சம் நீளம் என்கிறார்கள். அதுவும் சராசரியில்தான். எனக்கே முழு நம்பிக்கை இல்லை. ஆனால் முனைவர் பட்டம் வேண்டுமே!

18.6.2024
ஜோதிக்கு நாலாம் மாதம். விசைத்தறியில் வேலை. இரண்டு பெண் குழந்தைகளும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. கூட வந்த மாமியார் கண்ணாத்தாள் காலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, வெரல வெச்சே பையனா புள்ளையான்னு தெரிஞ்சிருமாமா? எங்களுக்கு மட்டும் சொல்லுங்களே."

"அது இதுல தெரியாதுங்க."

"பொறவு எதுக்குங்க அளக்கறீங்க?"

பதில் நீளம். வரிசை அதைவிட நீளம். எனக்கோ நல்ல பசி. "அதெல்லாம் சொல்லக்கூடாதுங்கம்மா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முடித்துவிட்டேன். கண்ணாத்தாள் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். "சரிங்க சாமி, வாரேன்" என்று எழுந்து போனார்.

25.6.2024
ஜோதி வரவில்லை.

2.7.2024
இன்றும் வரவில்லை. செவிலியர் கிருத்திகா அவள் வீட்டுக்கே போய்விட்டு வந்தார்.

"கலச்சுட்டாங்க நர்மதா."

கள்ளத்தனமாக ஸ்கேன் பார்க்கிற இடங்களில் பையன் என்றால் சிரித்த முகத்தோடு அனுப்புவார்களாம். பெண் என்றால், 'சொல்லக்கூடாது' என்று உம்மென்று இருப்பார்களாம். இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எனக்குத்தான் தெரியவில்லை.

உம்முனு இருந்தது ஒரு குத்தமா? பசிதானே, வேற என்ன? நான் ஒண்ணுமே சொல்லலையே — ஐயோ, ஒண்ணுமே சொல்லலையே. அது அவளோட வெரல்தான், வயித்துல இருக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?

3.7.2024
ஆய்வு வழிகாட்டி அன்பழகன் சாரிடம் சொன்னேன். "வருத்தந்தாம்மா. உன்மேல தப்பில்ல. அந்த ஒரு ஆளை எடுத்துட்டு வேற ஆளைச் சேர்த்துக்கோ." எவ்வளவு சுலபமாக எடுக்கிறார்கள், எல்லோரும்.

9.7.2024
ஜோதியைத் தேடிப் போனேன். அதற்குள் தறியில் நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அது புள்ளைன்னு நான் சொல்லவே இல்லீங்க. எனக்குத் தெரியாது. விரலைப் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது."

அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டாள்: "இப்ப அத எதுக்குங்க சொல்றீங்க? புள்ளைதானுங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். இல்லீன்னா நான் எப்படிங்க தூங்கறது?"

மன்னிப்புக் கேட்கப் போனவள், அவளிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிவிட்டு வந்தேன்.

10.7.2024
விலகிவிடுகிறேன் என்றேன். மூன்று வருட உழைப்பை யோசி என்றார் சார். யோசித்தேன். விலகவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

23.7.2024
இன்று புதுச்சத்திரம். பையைத் திறக்கும் முன்பே கைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 'வெரலு பாக்கற அம்மா' என்று பெயராகிவிட்டதாம். இதில் ஆணா பெண்ணா என்று தெரியாது என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி நான் சும்மா இருந்தாலும், வராமலே போனாலும், பெண் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் தேவிப்ரியா. அவளுக்கும் இரண்டும் பெண்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்தவளுக்கும் சிரித்தேன். அதற்கடுத்தவளுக்கும். ஒருத்தியையும் அளக்கவில்லை. இந்தப் பொய் பிரசவம் வரைக்கும்தான் தாங்கும். அதற்குப் பிறகு அந்தக் குழந்தைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

தேவிப்ரியாவின் மாமியார் என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தார். "பையன் பொறந்ததும் சொல்லியனுப்பறேன். வந்து பாக்கோணுமுங்க சாமி."

"வாரேனுங்க" என்றேன், சிரித்த முகத்தை மாற்றாமல்.