தேருக்கு முதுகு காட்டி நின்றவள்

ராஜபாளையம்,
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ சென்னையில் நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்லுவாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேச்சை எடுத்தாலே உன் வாக்கிடாக்கி கத்துகிறது, நீ வைத்துவிடுகிறாய், அதற்காகத்தான் இந்தக் காகிதம். மழை இல்லை, அய்யனார் கோவில் ஆற்றில் பாறைதான் தெரிகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டீக்கடையில் போலீஸ்காரி அப்பன் என்கிற மிதப்பும் அப்படியே இருக்கிறது.

மன அழுத்தத்துக்கு உங்களுக்கெல்லாம் வகுப்பு நடத்தினார்கள் என்றாயே, மூச்சை இழுத்து விடு, நன்றாகத் தூங்கு, வீட்டு ஆட்களிடம் மனம் விட்டுப் பேசு என்றார்களாம். நைட் டூட்டி முடிச்சு நேரா வந்து உக்காந்தவளுக்குத் தூங்குன்னு பாடம் நடத்துதாகம்மா என்று நீ சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பேசு என்றதையாவது கேட்பாய் என்று, ஆடிப்பூரத்துக்கு நீ லீவில் வந்தபோது காத்திருந்தேன். மாசியில் அங்கே கோவில் நெரிசலில் மிதிபட்ட பிள்ளையை நீ தூக்கிக்கொண்டு ஓடியதும், ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொன்னதும், உன்கூட வேலை பார்க்கும் அனுசியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்டால், அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சோத்தப் போடு என்றாய். போட்டதையும் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நகர்ந்ததும் ஊரே கோவிந்தா என்று கை கூப்புகிறது, நீ மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றாய். யூனிபார்ம்கூட இல்லை, என் பச்சைச் சேலைதான் கட்டியிருந்தாய். ஏட்டி, திரும்பி ஆண்டாளப் பாரு என்று தோளைத் தொட்டேன். நீ கும்பிடும்மா, நான் கூட்டத்தப் பாத்துக்கிடுதேன் என்றாய். கைப்பிள்ளையோடு நின்றவளை ஓரமாக இழுத்து விட்டாய், அவள் உன்னை வைதுகொண்டே போனாள். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. மாற்றல் கேள் என்றால் கிடைக்காது என்கிறாய். வேலையை விட்டுவிட்டு வா என்றால், வந்தா மட்டும் தூக்கம் வந்திருமா என்கிறாய். எண்ணெய் தேய்த்துக் குளி, நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதத்தான் எனக்குத் தெரியும், அதில் இது தீராது என்பதும் தெரியும்.

ஆண்டாள் உன்னைக் காப்பாள் என்று எழுதி முடிக்க வேண்டும், எழுதுகிறேன். பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறேன், ஈரக்கையால் எடுக்காதே. அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை, தேர் நம்மைத் தாண்டிப் போகும்வரை நான் உன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் இரண்டு பேரில் ஒருவரும் ஆண்டாளைக் கும்பிடவில்லை.

உன் அம்மா,
செல்லத்தாய்