ஊதுலைக்கு வழிவிட்ட பேருந்து நிலையம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அங்கே உன் உடம்பும் வேலையும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதுவும் சந்தோஷத்தில். அதனால்தான் கடிதம்.

ஆற்றோரத்து ஊதுலை பிழைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை திறந்துவைத்தார்கள்.

நீ கிளம்பும்போது புதர் மண்டிக் கிடந்ததே, மொட்டைச் சுவர் என்போமே, அதுதான். கப்பலில் வந்து நாட்டைப் பிடித்தவர்கள் வந்த புதிதிலேயே கட்டிய இரும்பாலை. ஆற்றைத் திருப்பிச் சக்கரம் சுற்றவிட்டு, அந்தச் சக்கரத்தால் துருத்தியை ஊதவைத்து, மரக்கரியில் இரும்பை உருக்கியிருக்கிறார்கள். சுற்றியிருந்த காடெல்லாம் கரியாகித் தீர்ந்ததும் போட்டது போட்டபடி போய்விட்டார்கள். தொல்லியல் அதிகாரி அம்மா வந்து சொன்ன பிறகுதான் எனக்கே இதெல்லாம் தெரியும்.

அதை இடித்துப் பேருந்து நிலையம் கட்டுவதாக நகரசபையில் பேச்சு. வார்டு உறுப்பினர் நானே எழுந்து, நிலையத்தைப் பழைய சந்தைப் பக்கம் மாற்றுங்கள் என்றால் எப்படி இருக்கும்? "இடிஞ்ச அடுப்புக்காக பஸ் ஸ்டாண்ட விட்டுக்குடுக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் தலைவர். சபையே சிரித்தது. எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உன் அப்பாவைக் கேட்கவே வேண்டாம். ஆயுசு முழுக்கக் கண்டக்டர். சனங்கள் ரோட்டோரத்தில் மழையில் நனைவதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர். "நல்லதா ஒரு பஸ் ஸ்டாண்ட பாத்துட்டுக் கண்ண மூடலாம்னு இருந்தேன், அதுலயும் மண்ணப் போட்டுட்டியே" என்றதோடு சரி. நீ அந்த உருக்காலை வேலைக்குப் போனதிலிருந்து உன்னிடம் பேசாதவர், இப்போது என்னிடமும் பேச்சை நிறுத்திவிட்டார். கட்டினதும் பெத்ததும் ஒரே அச்சு என்று பக்கத்து வீட்டில் புலம்பினாராம்.

அப்புறம் ஒருநாள் சலூனில் யாரோ என்னைக் கேலி பேசியிருக்கிறார்கள். அப்பா பாதி சவரத்தில் எழுந்துவிட்டாராம். "அவளத் திட்டணும்னா நான் திட்டிக்கிறேன், உனக்கு யாருய்யா பர்மிஷன் குடுத்தது?" அதே வேகத்தில், நானும் அதிகாரி அம்மாவும் நின்றுகொண்டிருந்த ஊதுலைக்கு நேரே வந்தார். ஒரு கன்னம் மழமழவென்று, மறு கன்னத்தில் சோப்பு நுரை. நான் சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதிகாரி அம்மா கொஞ்சமும் சிரிக்காமல் எல்லாவற்றையும் காட்டினார். உலையை மூட்டினால் மாதக்கணக்கில் அணைக்கமாட்டார்களாம். இரவும் பகலும் இரும்புக் கல்லும் கரியும் கொட்டிக்கொண்டிருந்தது நம்ம ஊர் ஆட்கள்தானாம். "நைட் ஷிப்டுக்கு மாத்திவிட ஆள் வந்தாங்களாம்மா?" என்று கேட்டார் அப்பா. பல நாள் வந்திருக்கமாட்டார்கள் என்றார் அவர். அப்பா சுவரில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

மறுநாளே ஆள் மாறிவிட்டார். உலைவாய் வளைவின் கற்களை ஊரே பெயர்த்துக்கொண்டு போய்ப் படிக்கட்டும் மேடையுமாகப் போட்டிருந்தது. நம் வீட்டுத் துவைக்கிற கல்லும் அதில் ஒன்று! அவரே கடப்பாரை போட்டு எடுத்தார். (நான் இப்போது வெறும் தரையில்தான் துவைக்கிறேன்.) பிறகு வீடு வீடாகப் போய், டிக்கெட் கேட்கிற அதே தோரணையில் கல் கேட்டார். கல்லைக் கொடுத்தவர்கள் கட்சி மாறாமல் இருப்பார்களா? ஓட்டெடுப்பன்று சபைக்கு வெளியே நிற்க இடமில்லை. பேருந்து நிலையம் சந்தைப் பக்கம் போனது.

வேலை தொடங்கியதும் சிமெண்ட் மூட்டைகளோடு வந்தார் காண்டிராக்டர். அதிகாரி அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். பழைய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் ஒட்டுமாம். வாசலில் வைக்க எழுதிக்கொண்டுவந்த பலகையில் ஆலை முதலாளியின் பெயர் மட்டும் இருந்தது. நம்மவர்கள் பெயர் தெரியாவிட்டால் செய்த வேலையையாவது எழுதுங்கள் என்று மல்லுக்கு நின்றேன். கரி சுட்டவர்கள், கல் உடைத்தவர்கள், துருத்தி பார்த்தவர்கள் என்று இப்போது முதல் வரியிலேயே இருக்கிறது. அதைப் படிக்கும்போது நானே ஓர் அடி உயர்ந்தாற்போல இருந்தது.

சுற்றிக்காட்டுகிற வேலையை அப்பா தானாகவே எடுத்துக்கொண்டார். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!" பழக்கம் போகுமா? ஞாயிறன்று கூட்டத்தில் ஒருவர், இவ்வளவு சூட்டில் உலைக் கல் ஏன் உருகவில்லை என்று கேட்டார். அதிகாரி அம்மா வாயைத் திறக்கும் முன்னே அப்பா கையை உயர்த்தி, "இருங்கம்மா. அத என் பொண்ணுகிட்டத்தான் கேக்கணும். இந்த மாதிரி நூறு மடங்கு பெரிய உலைய அவதான் பாத்துக்குறா" என்றார். நெருப்புப் பக்கத்தில் பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேலை என்று கத்திய அதே வாய். சொல்லிவிட்டு என் பக்கமே பார்க்கவில்லை. நானும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

பதில் வாங்கி வைப்பதாக அந்த ஆளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். என்னிடம் கேட்டால் எனக்கென்ன தெரியும்? அவராக உனக்குப் போன் செய்யமாட்டார், உனக்குத் தெரியாததா. லீவு கிடைத்தால் ஒரு நடை வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லிவிட்டுப் போம்மா.

எந்தச் சூட்டிலும் நீ வாடாமல் இருக்கவேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா